சரிவுல புல்லு வெட்டுற முறை

இந்த சீட்டுல ஆளு இருக்கா அண்ணாச்சி? இல்லைலா? கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. பையை மேல வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். பிரேக் போட்டான்னா யாரு தலையிலயாவது விழும். இதுல எல்லாம் நான் ரொம்பக் கவனம். நம்ம தொழிலே அதுதான்.

என்ன தொழில்னு கேக்கலியே? பரவாயில்ல, மதுரைக்குப் போய்ச் சேர நேரம் கிடக்கு, சொல்லுதேன். இந்தா, ஜன்னல் வழியா பாருங்க. நாலுவழிச் சாலை. மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதுக்கு மேலதான் ரோட்டைப் போட்டிருக்கான். பாலம் வாற எடத்துல அந்த மேடு பனை உசரத்துக்கு நிக்கும். ரெண்டு பக்கமும் சரிவு, சரிவு பூரா புல்லு. ஐப்பசியில மழை விழுந்துதுன்னா கார்த்திகைக்குள்ள இடுப்பளவு வளந்துரும். வெட்டாம விட்டா சர்வீஸ் ரோட்டுல இருந்து ஏறி வாற வண்டி தெரியாது. கோடையில ஒருத்தன் பீடியைத் தூக்கிப் போட்டான்னா குபுகுபுன்னு பிடிச்சுக்கிடும். பாம்பு வேற. அதை வெட்டுற ஆளுகளுக்கு நான் சூப்பர்வைசரா இருந்தேன். தவசின்னு கேட்டா டோல்கேட்டுல டீக்கடைக்காரன் வரைக்கும் சொல்லுவான். இப்ப அதுக்கும் மேல. ஊரு ஊராப் போயி பயிற்சி குடுக்கேன்.

சிரிக்காதிய. புல்லு வெட்ட என்னடா பயிற்சின்னுதான நினைக்கிய? தரையில வெட்டுறது வேற, சரிவுல வெட்டுறது வேற அண்ணாச்சி. மிஷினைப் பாத்திருப்பிய. தோள்ல வாரைப் போட்டு மாட்டிக்கிடணும். பின்னால இஞ்சின், முன்னால நீளக் குழாய், அதோட நுனியில தகடு சுத்தும். அது கிறுகிறுன்னு சுத்தும்போது ஆளையே ஒரு பக்கமா இழுக்கும். சமதரையில அது தெரியாது. சரிவுல ஒரு கால் மேல, ஒரு கால் கீழ நிக்கும்போது இழுத்துச்சுன்னா என்ன ஆவும்? அதனால மேல இருந்து கீழ வெட்டிக்கிட்டு இறங்கப்படாது. குறுக்கால நடந்து, ஒரு வரிசை முடிஞ்சதும் மிஷினை நிறுத்தி, அப்புறந்தான் அடுத்த வரிசைக்கு மாறணும். மொதல்ல ஒருத்தன் கம்பை வச்சுத் தட்டிக்கிட்டே போயி, புல்லுக்குள்ள கல்லு கிடக்கா, கம்பி கிடக்கா, குழி இருக்கான்னு பாக்கணும். வெட்டுற ஆளுக்குக் கீழ ஒருத்தரும் நிக்கப்படாது. அடியில மழைத்தண்ணி போறதுக்கு வாறுகால் கட்டியிருப்பான், சிமெண்டுல. புல்லு வளந்து அதோட வாயை மூடிரும். அது எங்கன இருக்குன்னு தெரியறதுக்கு ஓரமா செவப்புக் கொடி ஊனி வைக்கணும். கால்ல முள்ளு வச்ச பூட்ஸ் போடணும். எல்லாத்துக்கும் மேல, ஈரத்துல ஏறவே கூடாது. பனி இருந்தாக்கூட வெயில் வந்து காயுத வரைக்கும் உக்காந்திருக்கணும்.

பாத்தியளா, எப்படிச் சொல்லுதேன்! நிரஞ்சன் சார்னு ஒரு சேப்டி ஆபீசர் இருக்காரு, சின்ன வயசு. அவருதான் சொல்லிக் குடுத்தது. அவரு படம் போட்டுச் சொல்லச் சொல்ல மத்தவனுக எல்லாம் தூங்கி விழுந்தானுக. நான் ஒருத்தன்தான் அப்படியே மனப்பாடம் பண்ணுனேன். திருப்பிச் சொல்லுங்கன்னாரு. சொன்னேன். எல்லார் முன்னாலயும் கை குடுத்தாரு. அந்த வருசம் கேடயம் குடுத்தாக, என் பேரு போட்டு. வீட்டுல டீவிக்குப் பக்கத்துல வச்சிருக்கேன்.

அப்படிப்பட்ட என்கிட்ட, கூடப் பொறந்த தங்கச்சி பேச மாட்டேங்கா. சொர்ணம். ஒரே தங்கச்சி. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கா அண்ணாச்சி. அதான் மனசுக்குள்ள கிடந்து அரிக்கி. அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன், பேச்சு எங்கெங்கயோ போயிட்டு.

அவ புருஷன் பெத்துராஜ். லாரிப் பட்டறையில வேலை பாத்துக்கிட்டிருந்தான். பட்டறைய மூடிட்டாக. சொர்ணம் எங்கிட்ட வந்து, "அண்ணே, அவியளையும் உன் கூடச் சேத்துக்கோ, வெளியூருக்குப் போறேன்னு நிக்காவ"ன்னா. சரின்னு சேத்துவிட்டேன். நான் சேத்துவிட்டதுதான். இதை ஞாபகம் வச்சுக்கிடுங்க.

குறை சொல்லப்படாது, நல்ல வேலைக்காரன். அவன் வெட்டுன எடத்தைப் பாத்தா தலைக்கு எண்ணெய் தேச்சு வழிச்சுச் சீவின மாதிரி இருக்கும். ஒரே ஒரு கெட்ட பழக்கம். நடுவுல ஒரு கொத்துப் புல்லை வெட்டாம விட்டுருவான். என்னலேன்னா, "காடை முட்டை போட்டிருக்கு மச்சான், குஞ்சு பொரிச்சுப் போன பொறவு வெட்டிக்கிடுதேன்"பான். ரோட்டுல போற ஆபீசருக்குக் காடையா தெரியும்? குடுமி வச்ச மாதிரி அந்தக் கொத்துதான் தெரியும். நான் ஏசுவேன். சிரிச்சுக்கிடுவான். எதுக்கும் திருப்பிப் பேச மாட்டான்.

பூட்ஸ் கம்பெனியில எல்லாருக்கும் குடுத்தாக. நல்ல பூட்ஸ், அடியில முள்ளு முள்ளா இருக்கும். நான்தான் ரூமுல வச்சுப் பூட்டி வச்சேன். இவனுக கையில குடுத்தா சேத்துலயும் சாணியிலயும் மிதிச்சு ஒரு மழைக்காலத்துல கிழிச்சுருவானுக. நாளைக்கு ஆபீசர் வந்து எங்க பூட்ஸுன்னா எதைக் காட்டுறது? நிரஞ்சன் சார் வாற அன்னைக்கு எடுத்துக் குடுப்பேன், போட்டோ எடுப்பாரு, அவரு போனதும் வாங்கித் தொடச்சு உள்ள வச்சிருவேன். இன்னைக்கும் போயிப் பாருங்க, நேத்துக் கடையில வாங்கின மாதிரி இருக்கும். கம்பெனிச் சாமானை இவ்வளவு பத்திரமா யாரு வச்சிருப்பா?

போன கார்த்திகை. டெல்லியில இருந்து பெரிய ஆபீசர்மாரு வாறாக, ரோட்டைப் பாக்கன்னு போன் வந்துட்டு. எங்க பகுதியில எல்லாம் முடிச்சாச்சு, பாலத்துக்குக் கிழக்க உள்ள சரிவு மட்டும் மிச்சம். அதுதான் இருக்கறதுலயே செங்குத்து. வாறவுகளுக்கு மொதல்ல கண்ணுல படுறதும் அதுதான். கொடியெல்லாம் ஊனி வச்சிருந்தது, வெயில்ல வெளுத்து, கிழிஞ்சு, கல்யாண வீட்டுப் பந்தலைப் பிரிச்ச மாதிரி அசிங்கமா நின்னுச்சு. மொத நாளே பிடுங்கிப் போடச் சொல்லிட்டேன். கம்பு தட்டுற கொம்பையாவை ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிக்க அனுப்பிட்டேன். ஆளு பத்தலை அண்ணாச்சி, நான் ஒருத்தன் எத்தனையைப் பாப்பேன்?

அன்னைக்கு விடியுத வரைக்கும் மழை. காலையில விட்டுட்டு. பெத்துராஜ் சரிவுல நாலு எட்டு இறங்கிப் பாத்துட்டுத் திரும்ப ஏறி வந்தான். கால்ல ரப்பர் செருப்பு. அதுல சேறு அப்பிக் கிடக்கு.

"மச்சான், பாதம் நிக்க மாட்டேங்கு. கொஞ்சம் வெயில் ஏறட்டுமே"ன்னான்.

"வெயில் ஏறுறதுக்குள்ள டெல்லிக்காரன் ஏறிருவான்"னேன்.

"இல்ல மச்சான், வழுக்குது. நீங்களே சொல்லியிருக்கியளே, ஈரத்துல ஏறப்படாதுன்னு."

எனக்குச் சுருக்குன்னு வந்துட்டு. மத்த ஆளுக எல்லாம் பாத்துக்கிட்டு நிக்கானுக. "ஏல, நீ என் தங்கச்சி புருஷன். நீயே சாக்குச் சொன்னா மத்தவன் எவன் இறங்குவான்? தவசி சொந்தக்காரனுக்கு ஒரு நியாயம், ஊரானுக்கு ஒரு நியாயம்னு பேசுவானா மாட்டானா?"ன்னேன். நியாயந்தான அண்ணாச்சி? நான் ஆளு பாத்து வேலை சொல்ல மாட்டேன். சொந்தக்காரன்னா அவனைத்தான் மொதல்ல இறக்குவேன். அது என் குணம்.

கீழ எட்டிப் பாத்தான். "சரி மச்சான், கொடியாவது ஊனிக்கிடட்டா? வாறுகால் எங்கன இருக்குன்னே தெரியலை."

"உனக்குத் தெரியாத வாறுகாலாலே? ஆடியில நீதான வெட்டுன!"

துண்டை எடுத்துத் தலையில கட்டுனான். வாரைத் தோள்ல மாட்டி இறுக்குனான். இறங்கிட்டான். இறங்குறதுக்கு முன்னால என்னைப் பாத்தானான்னு சொர்ணம் ஒருநா கேட்டா. பாக்கலை. பாத்திருந்தா எனக்கு ஞாபகம் இருக்கும்.

நான் மேல ரோட்டுல நின்னு நிரஞ்சன் சாருகிட்ட போன்ல பேசிக்கிட்டிருந்தேன். "எல்லாம் முறைப்படி நடக்கு சார்"னு சொல்லிக்கிட்டு இருக்கேன், மிஷின் சத்தம் மாறுது. புல்லுல ஓடும்போது ஒரு சத்தம் வரும், காத்துல ஓடும்போது ஒரு சத்தம் வரும். காத்துல ஓடுற சத்தம், கிரீச்சுன்னு. அப்புறம் டொம்முன்னு ஒண்ணு. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

நான் நடந்து இறங்கலை, உக்காந்துக்கிட்டே சறுக்கித்தான் இறங்குனேன். அவ்வளவு வழுக்கு. பாதிச் சரிவுல ஒத்தைச் செருப்பு சேத்துல குத்திட்டு நிக்கி. இன்னொண்ணு வாறுகால் தண்ணியில மிதந்து போவுது. அவன் வாறுகாலோட சிமெண்டு விளிம்புல முதுகு குடுத்துக் கிடக்கான், மல்லாக்க. மிஷின் பக்கத்துல கிடக்கு. தகடு அவன் மேல படலை. அதுக்கு அந்த இசக்கியம்மனைத்தான் கும்பிடணும். ரத்தம்னு பெருசா ஒண்ணும் இல்லை. முழிச்சுக்கிட்டுதான் கிடந்தான்.

"மச்சான், மிஷினை ஆஃப் பண்ணிட்டேனா?"ன்னு கேட்டான்.

"பண்ணிட்டலே, பேசாம கிட"ன்னேன்.

அப்பத்தான் எனக்கு மூளை வேலை செஞ்சுது அண்ணாச்சி. வேற ஒருத்தனா இருந்தா கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னிருப்பான். நான் யோசிச்சேன். மேல நின்ன ஆளுகளை ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, ரோட்டுல போயி வழி காட்டச் சொல்லி அனுப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வரும், ஆபீசர் வருவாரு, கால்ல செருப்புகூட இல்லாம கிடந்தான்னா என்ன எழுதுவான்? விதிப்படி இல்லைன்னு சொல்லி இவனுக்கு ஒரு உதவியும் வராமப் பண்ணிருவான். அவனுக்காகத்தான். கீழ சர்வீஸ் ரோட்டோரம் இருக்குற நம்ம ரூமுக்கு ஓடிப்போயி, திறந்து ஒரு ஜோடியை எடுத்துட்டு வந்தேன். கால்ல கிடந்த சேத்தை என் வேட்டியாலயே தொடச்சேன். ஒரு பூட்ஸை மாட்டி, இன்னொண்ணை மாட்டி, கயிறெல்லாம் இழுத்து நல்லா இறுக்கிக் கட்டுனேன்.

தலையைத் தூக்கிப் பாத்தான். "பூட்ஸா மச்சான் போடுதிய?"

"ஆமாலே."

"போடுத மாதிரியே தெரியலையே"ன்னான்.

எனக்குக் கை நின்னு போச்சு. பெருவிரலை அமுக்கிப் பாக்கலாம்னா, பூட்ஸ் மாட்டியாச்சு. "மரத்துப் போயிருக்கும்லே, சரியாயிரும்"னு சொன்னேன். அவன் தலையைக் கீழ போட்டுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டுக் கிடந்தான். மேல ரோட்டுல சைரன் வச்ச காரெல்லாம் வரிசையாப் போச்சு. டெல்லிக்காரங்க. ஒரு வண்டிகூட நிக்கலை.

பெரியாஸ்பத்திரியில ரெண்டு வாரம் வச்சிருந்தாக. இடுப்புக்குக் கீழ இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாக. மொத நாளே சொர்ணம் வந்துட்டா. நர்சு அவன் சட்டை, அரணாக்கயிறு, பூட்ஸு எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் குடுத்துச்சு. சொர்ணம் பூட்ஸை வெளிய எடுத்தா. திருப்பினா. அடியைப் பாத்தா. ஒரு பொட்டு மண்ணு இல்லை. விரலை வச்சு அந்த முள்ளையெல்லாம் ஒவ்வொண்ணா தடவிப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா.

"சொர்ணம், அழாத, நான் இருக்கேன்"னேன்.

அவ அழவே இல்லை. பூட்ஸைத் திரும்பப் பையில வச்சா, பையை என் கையில குடுத்தா. வீட்டுக்கு வந்த பொறவு, முன்ன சொன்னேன்லா, இறங்கும்போது உன்னைப் பாத்தாவளான்னு, அது ஒண்ணுதான் கேட்டா. அதுக்குப் பொறவு பேச்சே கிடையாது. என்ன நினைக்கான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. மண்ணு இல்லைன்னா என்ன? நான்தான் தொடச்சு வச்சிருந்தேன்லா.

கம்பெனியில விசாரணை நடந்துச்சு. பயிற்சி குடுத்திருக்கு, பூட்ஸ் போட்டிருக்கான், சூப்பர்வைசர் எச்சரிச்சிருக்காரு, தொழிலாளியோட கவனக்குறைவுன்னு முடிச்சுட்டாக. நான் நினைச்சது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. பூட்ஸ் போட்டிருந்ததாலயே அவன் மேல போட்டுட்டாகளே! எனக்கு அது ரொம்ப வருத்தம். ஆனா பாருங்க, ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் குடுத்தாக. நான்தான் விடாமக் கேட்டு வாங்கினேன்.

அதுக்குப் பொறவுதான் நிரஞ்சன் சார் என்னைக் கூப்பிட்டாரு. "தவசி, உங்களுக்கு எல்லா விதியும் தெரியும், கண்ணால பாத்த அனுபவமும் இருக்கு. மத்த ஊருல உள்ள ஆளுகளுக்குச் சொல்லிக் குடுங்க"ன்னாரு. அப்படி வந்ததுதான் இந்த வேலை. விதியெல்லாம் சொல்லிட்டு, கடைசியில அவன் கதையைச் சொல்லுவேன். பேரு சொல்ல மாட்டேன். ஒரு தொழிலாளி, சொல்லச் சொல்லக் கேக்காம ஈரத்துல இறங்கிட்டாருன்னு சொல்லுவேன். கூட்டம் அப்படியே கப்புன்னு அடங்கிரும்.

ஆமா, அப்படித்தான் சொல்லுதேன். விசாரணையில அப்படித்தான முடிச்சிருக்கு? நான் மாத்திச் சொன்னா கம்பெனி பொய் சொன்ன மாதிரி ஆயிராதா?

பெத்துராஜுக்கு என் மேல ஒரு கோவமும் கிடையாது. போனா, "வாங்க மச்சான்"னு சொல்லுவான். கட்டில்ல கிடந்து கிடந்து முதுகெல்லாம் புண்ணு. வாசலுக்கு வெளிய உலகமே இல்லை அவனுக்கு. தை மாசம் எங்க ஊரு மண்டபத்துலயே ஒரு பயிற்சி போட்டாக. இவன் கேள்விப்பட்டு, "என்னையும் கூட்டிட்டுப் போங்க மச்சான், நாலு மனுசரைப் பாத்து நாளாச்சு"ன்னான். நிரஞ்சன் சாருகிட்ட கேட்டேன். அவருக்கு ரொம்ப சந்தோசம், நேர்ல பாத்தா மனசுல பதியும்னாரு. சொர்ணம் நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வந்தா. அவ வருவான்னு நான் நினைக்கவே இல்லை. நல்ல சேலை உடுத்தி, தலை சீவி வந்திருந்தா. எதையோ காது குடுத்துக் கேக்க வந்த மாதிரி அவ மொகம் இருந்துச்சு.

மைக்கைப் பிடிச்சு அவன் வாய்க்கிட்ட வச்சேன். நிரஞ்சன் சார், "என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க பெத்துராஜ்"னாரு.

அவன் என் மொகத்தைப் பாத்தான். அப்புறம் கூட்டத்தைப் பாத்தான். "மழை பேஞ்சு ஈரமா இருந்துச்சு. மச்சான் வேண்டாம்னு சொன்னாவ. நான்தான் கேக்கலை"ன்னான். "யாரும் என்னைய மாதிரி செய்யாதீங்க"ன்னான். கை தட்டுனானுக அண்ணாச்சி. ஒருத்தன் கண்ணைத் தொடச்சான்.

நான் சொர்ணத்தைப் பாத்தேன். சுவத்துல சாஞ்சு நின்னவ, அப்படியே சரிஞ்சு தரையில உக்காந்துட்டா.

திரும்பப் போகும்போது நான் நாற்காலியைத் தள்ளப் போனேன். என் கையை எடுத்துவிட்டுட்டு அவளே தள்ளுனா. நான் பின்னால நடந்து வந்தேன். கொஞ்ச தூரம் போயி அவன்கிட்ட கேட்டா, "ஏன் அப்படிச் சொன்னிய?"

"என்ன சொல்லி என்னட்டி ஆவப்போவுது? எந்திரிச்சா நடக்கப் போறேன்? அவியளாவது நல்லா இருந்துட்டுப் போட்டும்"னான்.

கேட்டியளா? அவன் வாயாலயே சொல்லிட்டான். நல்லா இருக்கட்டும்னு வாழ்த்துதான். பாதிக்கப்பட்டவனே சொன்ன பொறவு அவளுக்கு மட்டும் என்ன? நான் நினைச்சு நினைச்சுப் பாக்கேன், ஒருவேளை உண்மையிலயே நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஈரத்துல இறங்கப்படாதுன்னு எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன் அவனுக்கு! அதைத்தான அவன் சொன்னான்? அது பொய் இல்லையே.

அந்தப் பாலத்துச் சரிவுல இப்ப ஆளே இறங்குறது இல்லை. மேல ரோட்டுல இருந்தே மருந்தைப் பீச்சி அடிச்சுருதான். புல்லெல்லாம் கருகிச் செத்துப் போச்சு. வெறும் மண்ணு தெரியுது. மழைக்கு அதுவும் கரைஞ்சு ஓடுது.

போன ஞாயித்துக்கிழமை போனேன். ரெண்டு சீப்பு பழம், அவன் முதுகுப் புண்ணுக்கு ஒரு களிம்பு. கதவு சாத்தியிருந்துச்சு. தட்டுனேன். உள்ள ஆளு நடக்குற சத்தம் கேக்கு, நின்னுட்டு. மறுபடி தட்டுனேன். "சொர்ணம், நான்தாம்மா"ன்னேன்.

உள்ள இருந்து அவன் குரல் வருது, சன்னமா. குரல்கூட இப்ப தேஞ்சு போச்சு அவனுக்கு. "சொர்ணம், மச்சான் வந்திருக்காவ போல. கதவைத் தெற."

"யாரும் வரலை"ன்னா. கதவுக்கு அந்தப் பக்கம், என்கிட்ட இருந்து ஒரு கை தூரத்துல நின்னுக்கிட்டுச் சொல்லுதா. "சும்மா படுங்க. யாரும் வரலை."

நான் வந்திருந்தேன்லா அண்ணாச்சி? வாசல்லதான நின்னேன்?